வியாகுலம்மாள் சாவில் பதினோராம் நம்பர்

ஸ்டானிஸ்லாஸ் பேண்டு செட் என்று யாராவது பெயரைச் சொன்னாலே ஐரீனுக்கு மூக்கு ஒரு பக்கமாகச் சுருங்கிவிடும். ராயபுரத்தில் கல்யாணமோ தேரோ சாவோ, அந்தச் சிவப்புக் கோட்டு ஆட்கள்தான் முன்னால் போவார்கள். தோளில் ஜரிகைக் குஞ்சலம், தொப்பியில் இறகு. குனிந்து பார்த்தால் ஆளுக்கு ஒரு ஜாதி பூட்ஸ். ஹார்பரில் கொடுத்தது, ரயில்வேயில் கொடுத்தது, எவனோ கப்பல்காரன் கழற்றி எறிந்தது. "மேல பாத்தா ராஜா வூட்டுக் கல்யாணம், கீய பாத்தா ரேஷன் கடை கியூ" என்பாள். அந்தக் கியூவில் கிளாரினெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவள் புருஷன் வால்டர் என்பதில் அவளுக்கு எள்ளளவும் பெருமை கிடையாது.

வால்டர் பகலில் ஹார்பரில் கிரேன் கம்பிகளுக்கு கிரீஸ் தடவுகிறவன். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. வீட்டுக்குள் அந்த வாத்தியத்தை வாயில் வைக்கக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே ஐரீன் சட்டம் போட்டுவிட்டாள். அவனும் மறுபேச்சுப் பேசவில்லை. சாயங்காலமானால் கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் போய் உட்கார்ந்து ஊதிவிட்டு வருவான். எதிர்த்து ஒரு சண்டை போடக்கூடத் துப்பில்லாத மனுஷன் என்று அதற்கும் சேர்த்து அவனை இளக்காரமாகத்தான் பார்த்தாள்.

அந்த ஐப்பசி மழையில் வால்டரின் மேல்வரிசைப் பற்கள் ஆட ஆரம்பித்தன. ஈறு முழுக்கச் சீழ். ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, முன்பக்கம் பூராவும் பிடுங்க வேண்டும், தள்ளிப்போட்டால் தாடை எலும்புக்கு இறங்கிவிடும் என்று தேதி கொடுத்தார். அந்தத் தேதிக்கு வால்டர் போகவில்லை. ஐரீன் தான் எறா உரிக்கும் ஷெட்டில் லீவு சொல்லிவிட்டுப் போய்க் காத்திருந்து இன்னொரு தேதி வாங்கிவந்தாள். அதற்கும் போகவில்லை. கன்னம் பன் மாதிரி உப்பி ஒரு கண் சிறுத்துப்போய், கஞ்சியைக்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் குடித்தான்.

"இன்னாய்யா உனக்கு? ஊசி போட்டுத்தானே புடுங்கப் போறான்" என்றாள்.

"பல்லு போச்சுன்னா வாத்தியம் போச்சுமே. மேல் பல்லுலதான் அது நிக்குது."

"போனா போவட்டும். இருந்து இன்னா கிழிச்சுது?"

வால்டர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஒரே ஒரு தபா டேப்புல புடிச்சுட்டுப் போறேன். பதினோராம் நம்பர. அது ஒயுங்கா வுயுந்துடுச்சுன்னா அடுத்த நாளே போயி எல்லாத்தையும் புடுங்கிக்கினு வரேன்."

பேண்டுக்காரர்களுக்குப் பாட்டுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். எட்டு என்றால் பெண் அழைப்பு, நாலு என்றால் தேர். பதினொன்று சாவுக்கு. அதிலும் மாதா கோயிலில் பூசை முடிந்து சவப்பெட்டி கல்லறைக்குப் போகும் வழியில் மட்டும் வாசிப்பது. அந்தத் தெருவில் பெண்கள் கோயில் வாசலோடு திரும்பி வந்து வீடு கழுவப் போய்விடுவார்கள். ஆகவே ஐரீன் அதைக் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

"டேப்பு புடிச்சு யாரு கேக்கறதுக்கு? ரேடியோவுல போடப் போறானா?"

"நான் கேக்கறதுக்கு" என்றான் வால்டர். "பல்லுல வச்சு ஊதறப்ப சத்தம் மண்டை எலும்புக்குள்ள போயிடுதுமே. எனக்கு உள்ள கேக்கறது வேற. வெளிய நிக்கிறவனுக்குக் கேக்கறது வேற. இத்தினி வருசமா ஊதிக்கினு கீறேன், வெளிய அது எப்டி கீதுன்னு எனக்குத் தெரியாது. ஒரு தபா வெளிய நின்னு கேட்டுட்டா போதும்."

ஐரீன் தலையில் அடித்துக்கொண்டாள். ஊரில் ஆம்பிளைகள் குடிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், அதையாவது புரிந்துகொள்ளலாம். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவன் சாகக் கிடந்தாலும் கிடப்பானே தவிர இது முடியாமல் ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டான். ஷெட்டில் பக்கத்துப் பலகையில் எறா உரிக்கும் செல்லம்மாவின் கொழுந்தன் இப்படித்தான் பல் சீழோடு திரிந்து, கழுத்து வீங்கி, போய்ச் சேர்ந்தான். மறுநாள் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு எறாவின் தலையைத் திருகிக்கொண்டே ஐரீன் முடிவு செய்தாள். இந்தப் பேமானிக் கூட்டத்தை வைத்து எப்படியாவது அந்த டேப்பைப் பிடித்துத் தொலைக்க வேண்டும்.

டேப் ரிக்கார்டர் இருந்தது லூயிஸிடம். ஐரீனின் அக்கா எல்சியைக் கட்டியவர், சிங்கப்பூர் கப்பலில் பாத்திரம் கழுவும் வேலை. எறா தின்னக் கற்றுக்கொண்ட ஜப்பான்காரன், அதற்குப் பதிலாக இந்த மாதிரிப் பெட்டிகளை உலகம் பூராவும் அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. டார்ச் லைட் பேட்டரியில் ஓடும் பெட்டி ஒன்று லூயிஸ் கைக்கு வந்ததிலிருந்து அவர் தரையில் கால் பாவவில்லை. தோல் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ரொட்டி வாங்கவும் போவார். பார்க்கிறவனையெல்லாம் நிறுத்திப் பேசச் சொல்லி, அதையே அவனுக்குப் போட்டுக் காட்டி, அவன் வாய் பிளப்பதைப் பார்த்து ஆனந்தப்படுவார்.

"அதுக்கு இன்னா ஐரீனு, நம்ம சகலைக்கு இல்லாததா? சவுண்டு சமாச்சாரத்த என்கிட்ட உட்டுடு" என்றார்.

முதலில் பனைமரத்தொட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். நல்ல விஷயத்தில் பதினொன்று வாசிக்கக் கூடாது என்பதால் வேறு எதையாவது பிடித்துப் பார்க்கலாம் என்றார் லூயிஸ். பெட்டியைப் பந்தலுக்குள் மேஜை மேல் வைத்தார். பேண்டு நடந்து வந்தது, பெட்டியைத் தாண்டியது, தெருக்கோடிக்குப் போய்விட்டது. டேப்பைப் போட்டுப் பார்த்தால் எங்கோ ஒரு கொசு மாதிரி ஆரம்பித்து, நடுவில் காதைப் பிளந்து, மறுபடி கொசுவாகிப் போயிற்று. அந்த நடுப்பகுதியிலும் பெரிய டிரம்தான். அதையும் மீறிக் கேட்டது லூயிஸின் குரல். "ஹலோ, ஹலோ, புடிக்குது, புடிக்குது, யாரும் பேசாதீங்க, நல்லா புடிக்குது" என்று பாட்டு முடிகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"மாமா, நீ உன் குரலத்தான் சூப்பரா புடிச்சிருக்க" என்றாள் ஐரீன்.

அடுத்து பள்ளிக்கூட ஹாலில் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவு ஜன்னலெல்லாம் சாத்தி. மாஸ்டர் ஸ்டானிஸ்லாஸ் எல்லோரையும் கோட்டு தொப்பியோடு வரவைத்திருந்தார். டேப்புக்கு எதற்கய்யா இறகு என்று ஐரீன் கேட்டதற்கு, "யூனிபாரம் இல்லாம வாசிச்சா அது பேண்டு இல்ல தங்கச்சி" என்றார். வேர்வையில் கோட்டு நாறியது. நின்று வாசிக்க ஆரம்பித்தார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். காலமெல்லாம் நடந்துகொண்டே வாசித்தவர்களுக்குத் தாளம் காலில் இருந்தது. நிற்க வைத்தால் ஒருத்தன் முன்னால் ஓடினான், ஒருத்தன் பின்னால் தங்கினான், வால்டர் நடுவில் வழி தெரியாமல் நின்றான். சரி, நின்ற இடத்திலேயே நடங்கள் என்றார் லூயிஸ். மர மேடை மேல் ஹார்பர் பூட்ஸும் ரயில்வே பூட்ஸும் சேர்ந்து மிதித்தன. டேப்பில் அந்த மிதிதான் வந்தது, அதற்கடியில் எங்கோ ஒரு பூனைக்குட்டி அகப்பட்டுக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். அதுதான் பதினோராம் நம்பர் என்றார்கள்.

"இதுக்கா நீ உசிர வுடற?" என்று கேட்டாள் வீட்டுக்கு வந்ததும்.

வால்டர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

இதற்கிடையில் பின்சந்தில் வியாகுலம்மாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வால்டருக்கு அப்பா கூடப் பிறந்த அத்தை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வாய் மட்டும் இருந்தது. அந்த வாயால் அவள் வையாத வீடு ராயபுரத்தில் கிடையாது. எவள் வீட்டுக்கு எவன் வந்தான், எவன் எந்தச் சாமானைத் திருடினான் என்று சாமியாரிடம் போய் ஒப்பித்துவிட்டு, அதே கையோடு முட்டி போட்டு ஜெபமாலை உருட்டுவாள். ஐரீனைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே, "எறா நாத்தம் புடிச்ச கை" என்று தெருவெல்லாம் சொன்னவள். அந்தக் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று சபதம் வேறு. இப்போது அந்தக் கைதான் தினம் கஞ்சி ஊட்டியது. வாயைத் துடைத்துவிட்டதும் வியாகுலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஐரீனும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கஞ்சியோடு போனபோது வியாகுலம்மாள் போய்விட்டிருந்தாள். ஐரீன் கண்ணை மூடிவிட்டாள், தாடையைத் துணியால் கட்டினாள். பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"போய்ட்டாங்களா? அல்லா பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இந்தம்மாவுக்கு அயுவறதுக்கு ஆளப் புடிக்கணுமே, ஐரீனு" என்றாள்.

அந்த வார்த்தையில்தான் ஐரீனுக்குப் பொறி தட்டியது. ராயபுரத்துச் சாவில் டேப்பு பிடிக்க முடியாது. மார்பில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தத்தில் பேண்டு எங்கே கேட்கும்? ஆனால் இது யாரும் அழப்போகாத சாவு. பேண்டு நடந்துகொண்டே வாசிக்கும், பதினொன்றையே வாசிக்கும், சுற்றிலும் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. வாழ்நாள் பூரா ஒருத்தருக்கும் உபகாரம் பண்ணாத பொம்பளை செத்தாவது ஒன்று பண்ணட்டும் என்று நினைத்துக்கொண்டே மாஸ்டர் வீட்டுக்கு ஓடினாள்.

"சாவுல போயா டேப்பு புடிக்கறது?" என்று இழுத்தார் ஸ்டானிஸ்லாஸ். "சாவுப் பாட்ட வூட்டுல வச்சுக்கக் கூடாதும்மா. நல்லதில்ல."

"என் வூட்டுல வேற இன்னா நல்லது கீது மாஸ்டர், அது வந்து கெடுக்கறதுக்கு? எல்லாரும் பூட்ஸ கழட்டிட்டு வாங்க. வெறுங்கால். ரோடு மழைத் தண்ணில நனைஞ்சு கீது, சத்தம் வராது."

லூயிஸுக்கும் சட்டம் போட்டாள். "பெட்டிய தோள்ல மாட்டிக்கினு பின்னால வா மாமா. மைக்கு உன் கைல இருக்கக் கூடாது. உனக்கு வாய் நிக்காது."

"அப்ப யாரு புடிக்கறது? இந்தத் தெருவுல வாயி நிக்கிற ஆளு யாரு கீறாங்க?"

"நான் புடிக்கறேன். வாயத் தொறந்தா என்னக் கேளு."

கோயிலில் பூசை முடிந்தது. வழக்கம்போலப் பெண்கள் வாசலில் திரும்பினார்கள். ஐரீன் திரும்பவில்லை. உபதேசியார் புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். "அத்தைக்கு எங்கள வுட்டா யாரு கீறாங்க? கல்லற வரைக்கும் வரேன்" என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வந்திருந்த கொஞ்சம் பேரையும் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். பேசக்கூடாது, இருமக்கூடாது, எவனாவது தும்மினால்கூடத் தொலைத்துவிடுவாள். யாருக்கும் அது கஷ்டமாக இல்லை. எல்லோரும் வெள்ளை வேட்டி கசங்காமல், எப்போது முடியும் என்ற முகத்தோடு நடந்தார்கள்.

மழை விட்டு வானம் மூடிக்கிடந்தது. தார் ரோட்டில் வெறுங்கால்கள் சத்தமில்லாமல் ஊர்ந்தன. வால்டருக்கு இடப்பக்கமாக, ஒரு கை தூரத்தில், மைக்கை நீட்டிப் பிடித்தபடி ஐரீன் நடந்தாள். பின்னால் ஒயர் நீளத்துக்கு லூயிஸ், உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு. ஸ்டானிஸ்லாஸ் கையைத் தூக்கி இறக்கினார். டிரம் அடங்கிய குரலில் காலுக்குத் தாளம் சொன்னது. வால்டர் வீங்கின கன்னத்தோடு வாத்தியத்தை ஆடுகிற பல்லில் வைத்தான்.

ஐரீன் ஒப்பாரி மாதிரி ஏதாவது வரும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. அது அழவில்லை, கெஞ்சவுமில்லை. வீட்டில் வாயே திறக்காத ஒரு ஆள், சொல்ல வேண்டியதையெல்லாம் நிதானமாக, யார்மேலும் குறை சொல்லாமல், சொல்லிக்கொண்டே நடக்கிற மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் மேலே ஏறி, இதற்கு மேல் முடியாது என்கிற இடத்தில் நின்று, அங்கிருந்து அவசரமே இல்லாமல் இறங்கியது. இறங்கும்போது வால்டரின் கீழுதட்டு ஓரத்தில் எச்சிலோடு ரத்தம் வழிந்து தாடையில் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. இரண்டு கையும் வாத்தியத்தில் இருந்தன.

இவனா என்று ஐரீனுக்கு இருந்தது. கிரீஸ் நகத்தோடு தட்டுக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்காருகிறவன். இவ்வளவு வருஷமாக இதைக் கொண்டுபோய்க் கருங்கல்லுக்கும் நண்டுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறான், வீட்டில் ஒருத்தி இடம் கொடுக்காததால். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவன்மேல் ஆத்திரமாகவும் வந்தது. ஒரு நாளாவது சட்டத்தை மீறி வீட்டில் ஊதியிருக்கக் கூடாதா, தடிமாடு. மைக் பிடித்த கை மரத்துப்போயிற்று. மாற்றவில்லை. வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் காசிமேட்டுக் கல்லறை வாசலில் மைக்கை லூயிஸிடம் கொடுக்கும்போது நினைத்தாள்.

சாயங்காலம் எல்லோரும் வியாகுலம்மாள் வீட்டில் கூடினார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் ரஹீமுன்னிசா டீயும் பன்னும் அனுப்பியிருந்தாள். செத்தவளைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றும் இல்லாததால் லூயிஸ் பெட்டியை நடுவில் வைத்தார். வால்டர் தரையில் உட்கார்ந்து வீங்காத பக்கத்துக் காதைப் பெட்டிக்குக் கொடுத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

வந்துவிட்டது. கொசு இல்லை, பூட்ஸ் இல்லை, லூயிஸ் இல்லை. டிரம் தூரத்தில் அடக்கமாக, கிளாரினெட் பக்கத்து அறையில் ஊதுகிற மாதிரி தெளிவாக. ஸ்டானிஸ்லாஸ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அட" என்றார், அவ்வளவுதான். எல்சிகூடப் பன்னை மெல்லுவதை நிறுத்தினாள்.

பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்தது. அங்கே ஒரு சத்தம். முதலில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற மாதிரி. அப்புறம் ஒரு விசும்பல். பாட்டு இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்கியது, மூச்சு வாங்கி, மறுபடி உறிஞ்சி, பொத்தின வாய்க்குள்ளிருந்து தேம்பித் தேம்பி. கடைசி வரை அது நிற்கவில்லை.

"எவன்டா அவன்? அவ்ளோ சொல்லியும்" என்று சீறினார் ஸ்டானிஸ்லாஸ். "நம்ம ஆளுங்க யாரும் அயுவலியே."

"ஆம்பள குரல் இல்ல மாஸ்டர்" என்றார் லூயிஸ். "மைக்குக்கு ஒட்டினாப்புல கீது." சொல்லிவிட்டு மெதுவாக ஐரீனைத் திரும்பிப் பார்த்தார்.

எல்லோரும் பார்த்தார்கள். ஐரீன் தன் கையால் மூக்கைத் தொட்டாள், ஏதோ அது அவளுக்குத் தெரியாமல் செய்த காரியம் மாதிரி. ஷெட்டு ஐஸ் தண்ணீரில் ஜலதோஷம் என்று சொல்லலாம். ஆனால் இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஜலதோஷம் என்று நம்ப அங்கே யாரும் பச்சைக் குழந்தை இல்லை.

எல்சி வாயைப் பொத்திக்கொண்டாள். "அடியே, நீயா? வியாகுலத்துக்கா அயுத? உன் கையால தண்ணி வாங்க மாட்டேன்னாளே, அவளுக்கா?"

யாரோ சிரித்தார்கள். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் வியாகுலம்மாளைத் தன்னைவிட அதிகமாக வெறுத்தவள் ஐரீன்தான் என்று அறிந்தவர்கள். இனி ஷெட்டுக்குள் அவள் நுழைவதற்கு முன்னால் செய்தி நுழைந்துவிடும். செல்லம்மா எறாவோடு சேர்த்து அவளையும் உரிப்பாள்.

"பரவால்ல சகல" என்றார் லூயிஸ், வால்டரின் தோளைத் தட்டி. "இத அழிச்சுடலாம். இன்னொரு சாவு வராமலா போவும்? வேற ஆளு கைல மைக்கக் குடுத்து, நீட்டா, கிளீனா புடிச்சுடலாம்." பெட்டியின் பித்தானுக்குக் கையைக் கொண்டுபோனார்.

வால்டர் கண்ணைத் திறந்தான். கறுத்த நகங்களோடு உள்ளங்கையைப் பித்தான்கள் மேல் கவிழ்த்து வைத்தான்.

"கெடக்கட்டும்" என்றான். "வெளிய எப்டி கேக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சுடுச்சு."

பிறகு அவளைப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்ன, ஐரீன் எழுந்து டீ கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். எல்சி விடவில்லை. "சொல்லேன்டி. யாருக்கு அயுத?"

உண்மையைச் சொல்வதைவிட நாறிப்போவது சுலபமாக இருந்தது அவளுக்கு.

"அத்தைக்குத்தான் அயுதேன்" என்றாள் ஐரீன், கிளாஸ்களை அணைத்துப் பிடித்துக்கொண்டு. "எங்க அத்தை, நான் அயுவறேன். உங்களுக்கு இன்னா போச்சு?" வாசலைத் தாண்டும்போது திரும்பாமலே, வழக்கமான குரலில், "யோவ், விடிகாலைல ஆஸ்பத்திரிக்குப் போவணும். நாஸ்தா துன்னாம கெளம்பு" என்றாள்.

"வரேன்மே" என்றான் வால்டர்.